ஒரே துறை, இரண்டு சம்பளம்: 43 நாள் ஷட்டவுனில் எங்கள் வீடு

எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் சம்பளம் வரும். வீட்டுக்காரர் அமெரிக்க ராணுவத்தில் ஸ்டாஃப் சார்ஜென்ட். நான் அதே பேஸில் (ராணுவ முகாமில்) ஓர் அலுவலகத்தில் சிவிலியன் ஊழியர். இரண்டு பேருக்கும் முதலாளி பாதுகாப்புத் துறைதான், சம்பளக் கணக்குப் போடுவதும் அந்தத் துறையின் ஒரே அலுவலகம்தான். 2025 அக்டோபர் 15 அன்று அவர் சம்பளம் முழுசாக வந்தது. அக்டோபர் 24 அன்று வர வேண்டிய என் சம்பளம் வரவில்லை. நவம்பர் 7க்கும் வரவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் செலவுக்குப் பணம் ஒதுக்காததால் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசாங்கமே முடங்கிக் கிடந்தது. அதைத்தான் ஷட்டவுன் என்கிறார்கள்.

ஊரில் யாரிடம் சொன்னாலும், "அவருக்குத்தான் வந்துடுச்சே, அப்புறம் என்ன கஷ்டம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

நாங்கள் இருப்பது டெக்சஸில் கில்லீன் என்ற ஊரில். ஃபோர்ட் ஹூட்டின் வாசலில் முளைத்த ஊர். (2023இல் அந்த பேஸுக்கு ஃபோர்ட் கவாசோஸ் என்று பெயர் வைத்தார்கள், 2025இல் மறுபடியும் ஹூட் ஆக்கினார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு மட்டும் எந்தக் காலத்திலும் வேலை உண்டு.) வீட்டுக்காரர் அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு வந்தவர். குடியுரிமை இல்லாதவர்களையும் அவர்களுடைய மொழி அறிவுக்காக ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட மாவ்னி என்ற திட்டம் 2016 வரை இருந்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. அப்படிச் சேர்ந்தவர்தான் இவர். பாளையங்கோட்டையில் பிறந்த என்னைக் கில்லீனில் கொண்டுவந்து சேர்த்தது இவர் பேசிய தமிழ் என்று வீட்டில் கேலி செய்துகொள்வோம்.

ஷட்டவுன் என்று போனில் சொன்னபோது அம்மாவுக்குப் புரியவே இல்லை. "சம்பளம் போடாம பட்டாளத்த எப்படிட்டி வச்சிருப்பான்?" என்றாள். அப்பா இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். டில்லியில் எந்த ஆட்சி கவிழ்ந்தபோதும் அவருக்குச் சம்பளம் நின்றதில்லை. நம் ஊரில் பட்ஜெட் தாமதமானால் இடைக்காலச் செலவுக்கு நாடாளுமன்றம் அனுமதி கொடுத்துவிடும். பட்ஜெட்டே தோற்றால் அரசாங்கம் போய்விடும். இங்கே அதிபர் தனியாக, காங்கிரஸ் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. எத்தனை நாள் முட்டிக்கொண்டாலும் யாருக்கும் நாற்காலி போகாது. ஆனால் அக்டோபர் 1இல் புது நிதியாண்டு பிறக்கும்போது ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லையென்றால் கஜானாவைத் தொட முடியாது என்று அரசியல் சாசனமே சொல்கிறது. மீறிச் செலவழிக்கும் அதிகாரி மீது நடவடிக்கை எடுக்க 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. 1980, 81இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி அந்தச் சட்டத்துக்குக் கறாராக விளக்கம் கொடுத்தார். உயிரையும் உடைமையையும் காக்கும் வேலை தவிர மற்றதை நிறுத்த வேண்டும் என்ற இன்றைய வழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

சிப்பாய் செய்வது உயிர் காக்கும் வேலை. ஆகவே அவர் வேலைக்குப் போயே தீர வேண்டும். சம்பளம் பிறகு வரும். என் வேலை அந்த வகையில் சேராது, ஆகவே நான் வீட்டில் இருக்க வேண்டும். எனக்கும் சம்பளம் பிறகு வரும். "பிறகு" எப்போது என்பதைத்தான் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இவருடைய யூனிட்டில் பழைய ஆட்கள் பயப்படவில்லை. 2013 ஷட்டவுனில் முதல் நாளுக்கு முந்தின இரவே ராணுவத்துக்குச் சம்பளம் கொடுக்கத் தனிச் சட்டம் போட்டு ஒபாமா கையெழுத்திட்டதை நினைவு வைத்திருந்தார்கள். 2018 டிசம்பரில் தொடங்கிய 35 நாள் ஷட்டவுனில் பாதுகாப்புத் துறைக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு ஆகிவிட்டிருந்தது, அதனால் அப்போதும் பிரச்சினை இல்லை. ஆனால் அதே ஷட்டவுனில் கடலோரக் காவல்படை மட்டும் மாட்டிக்கொண்டது. அவர்களும் படைவீரர்கள்தான், சீருடை போட்டவர்கள்தான். ஆனால் அவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கீழே வருகிறவர்கள், அந்தத் துறைக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. 2019 ஜனவரி 15 அன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சம்பளம் வரவில்லை. செலவைச் சமாளிக்கப் பழைய சாமான் விற்கலாம், நாய்களை நடக்கக் கூட்டிப் போகலாம் என்று அவர்களுக்கு ஓர் ஆலோசனைத் தாளும் கொடுத்து, பிறகு விமர்சனம் கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். இவருடைய நண்பர் ஒருவர் அந்தப் படையில் இருந்தார். செப்டம்பர் கடைசியில் அவரிடமிருந்து இவருக்கு ஒரு வரி வந்தது: "இந்த முறை உங்கள் பெயருக்கும் சட்டம் இல்லை, பார்த்துக்கொள்."

அவர் சொன்னது சரி. 2013இல் போட்டது மாதிரி தனிச் சட்டம் 2025இல் வரவே இல்லை. மசோதா போட்டார்கள், நிறைவேறவில்லை.

அக்டோபர் 1, புதன்கிழமை. காலையில் அலுவலகம் போனேன். கடையை ஒழுங்காக மூட அதிகபட்சம் நாலு மணி நேரம். ஃபர்லோ கடிதத்தில் (சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொல்லும் கடிதம்) கையெழுத்துப் போட்டேன், மின்னஞ்சலில் 'இப்போது பதில் தர இயலாது' என்று தானியங்கிப் பதில் வைத்தேன், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். பிறகு மடிக்கணினியைத் திறக்கவே கூடாது. சும்மா உதவி செய்கிறேன் என்றாலும் கூடாது, சம்பளமில்லாமல் அரசுக்கு வேலை பார்ப்பதையும் அந்தப் பழைய சட்டம் தடுக்கிறது. அன்றைக்கு இவருக்குச் செப்டம்பர் மாதக் கடைசிச் சம்பளம் வந்திருந்தது. அதனால் அந்த வாரம் யாருக்கும் உறைக்கவில்லை.

எனக்கு உறைத்தது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காலண்டரை ஒட்டியபோதுதான். அதில் முதலில் சம்பள நாட்களைக் குறித்தேன்: இவருக்கு 15, 31, பிறகு நவம்பர் 14. எனக்கு 10, 24, 7. அவற்றுக்கு எதிரே ஒவ்வொரு கட்டணமும் எந்தத் தேதியில், எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று எழுதினேன். பத்து வருடம் குடும்பம் நடத்திய பிறகு அன்றுதான் தெரிந்தது, எங்கள் கார் கடன் வங்கிக் கணக்கிலிருந்தே போகவில்லை. இவர் சம்பளத்தில் அலாட்மென்டாக, கைக்கு வருவதற்கு முன்பே பிடித்து அனுப்பப்படுகிறது. சம்பளம் ஓடாவிட்டால் அலாட்மென்டும் ஓடாது. வங்கியில் பணம் இருந்தாலும் கார் தவணை தவறும். இப்படிச் சம்பளத்தில் நேராகப் பிடிப்பது எதுவென்று உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து இன்றே பாருங்கள். ஷட்டவுன் வந்த பிறகு பார்த்தால் மாற்றுவதற்கு அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. செப்டம்பரில் இவர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். விமானம், விடுதி எல்லாம் அரசுப் பயண அட்டையில். அட்டை அரசு கொடுத்தது, ஆனால் அதில் இவர் பெயர், பொறுப்பும் இவருடையது. திரும்பி வந்து செலவைத் திரும்பக் கேட்கும் வவுச்சர் போட ஐந்து வேலை நாள் கெடு. இவர் ஆறாம் நாள் போட்டார். அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டியவர் என்னைப் போல ஃபர்லோவில் வீட்டில் இருந்தார். சம்பளம் வருமா வராதா என்று நாடே பேசியது, இந்த மாதிரிப் பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அட்டைக்காரருக்கு எங்கள் கைப்பணத்தைக் கட்டினோம். ஒரு நாள் சோம்பலுக்கு விலை ஏழு வாரம்.

அக்டோபர் 11 சனிக்கிழமை மதியம் அறிவிப்பு வந்தது. கையில் இருக்கிற எந்தப் பணத்தை எடுத்தாவது 15ஆம் தேதி படையினருக்குச் சம்பளம் போட வேண்டும் என்று அதிபர் பாதுகாப்பு அமைச்சருக்கு உத்தரவிட்டார். எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். ராணுவச் சம்பளத்துக்கான ஒதுக்கீடு ஒரு வருடக் கணக்கு, செப்டம்பர் 30 நள்ளிரவோடு காலாவதி. ஆனால் ஆராய்ச்சிக்கும் ஆயுத மேம்பாட்டுக்கும் ஒதுக்கும் பணம் இரண்டு வருடம் உயிரோடு இருக்கும். அதில் செலவாகாமல் கிடந்த சுமார் 800 கோடி டாலரைத் தேடி எடுத்தார்கள். கல்யாணத்துக்கு வைத்த சீட்டுப் பணத்தை எடுத்து மளிகைக் கடன் அடைப்பது மாதிரி. காங்கிரஸ் ஒரு காரியத்துக்கு என்று கொடுத்த பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பலாமா என்று சட்டம் தெரிந்தவர்கள் சண்டை போட்டார்கள். எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஆனால் அந்தப் பணத்தில்தான் என் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆராய்ச்சிப் பணம் சீருடைக்குப் போனது. சிவிலியன்களுக்கு வரவில்லை. அதனால்தான் ஒரே வீட்டில் ஒருவருக்குச் சம்பளம், ஒருவருக்கு இல்லை.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் இந்த இடத்தில்தான். அந்த அறிவிப்பு வருவதற்கு முந்தின இரவு, வெள்ளிக்கிழமை, பயத்தில் எல்லா ஆட்டோ பேயையும் (கணக்கிலிருந்து தானாகப் போகும் கட்டணங்களை) நிறுத்தினேன். கணக்கில் பணம் இல்லாமல் ஏதாவது ஒன்று திரும்பிப் போனால் அபராதம் வருமே என்ற கணக்கு. மறுநாள் நல்ல செய்தி வந்ததும் மின்சாரம், தண்ணீர், போன் எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். வண்டி இன்ஷூரன்ஸை மட்டும் மறந்துவிட்டேன். நவம்பர் 3 அன்று தபாலில் கடிதம்: பத்து நாளில் கட்டாவிட்டால் பாலிசி ரத்து. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியோடு பேஸுக்குள் நுழைய முடியாது. கணக்கில் பணம் இருந்தது, சம்பளமும் வந்திருந்தது, கட்டத்தான் இல்லை. இப்போது எதையாவது நிறுத்தினால் அதே நிமிடம் ஒரு மஞ்சள் தாளில் எழுதிக் கதவில் ஒட்டுகிறேன். திரும்பப் போட்ட பிறகுதான் தாளைக் கிழிப்பேன். நிறுத்துவதைவிட நல்ல வழி, கட்டண தேதியைத் தள்ளச் சொல்லிக் கேட்பது. அடுத்த மாதம் அப்படித்தான் செய்தேன். தேதி தவறுவதற்கு முன்னால் கூப்பிட்டு, ஃபர்லோ கடிதம் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் பேச்சைக் கேட்கிறார்கள். தவறிய பிறகு கூப்பிட்டால் நாம் வெறும் பாக்கிக்காரர். வாயால் சரி என்றதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுத்தில் வாங்குவது எதற்கு? ராணுவத்தில் கடன் பாக்கி என்பது வெறும் பணப் பிரச்சினை இல்லை, பாதுகாப்பு அனுமதியையே அசைத்துவிடும். கடனில் இருப்பவனை யாரும் விலைக்கு வாங்கலாம் என்பது அவர்கள் கணக்கு. மாவ்னியில் வந்தவர்கள் பின்னணிச் சோதனை என்ற பெயரில் வருடக்கணக்கில் இழுபட்டவர்கள். அதனால் அட்டையில் ஒரு தவணை தவறினாலே இவருக்குத் தூக்கம் போய்விடும். நம் கையில் இல்லாத காரணத்தால் வந்த நெருக்கடி, அதையும் பொறுப்பாகச் சமாளித்தோம் என்று காட்ட முடிந்தால் விதிகளிலேயே அதற்கு இடம் இருக்கிறது. காட்டுவதற்குத் தாள் வேண்டும். ஃபர்லோ கடிதம், பேசிய தேதி, பதில் மின்னஞ்சல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன.

வட்டியில்லாக் கடன் பற்றிக் கொஞ்சம். படையினருக்கான வங்கிகளும் கடன் சங்கங்களும் ஷட்டவுன் நேரத்தில் ஒரு சம்பளத் தொகையை வட்டியில்லாமல் தருவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் சம்பளம் ஏற்கெனவே அந்தக் கணக்கில் நேரடியாக விழுந்துகொண்டிருக்க வேண்டும், அதுதான் வழக்கமான நிபந்தனை. இவருடைய பையன் ஒருவன் (தன் குழுவில் இருக்கும் இளம் சிப்பாய்களை இவர் அப்படித்தான் சொல்வார்) கோடையில்தான் ஏதோ போன் செயலி வங்கிக்கு மாறியிருந்தான். அவனுக்கு எங்கும் கிடைக்கவில்லை. அடுத்து அவன் பார்வை போனது பேஸ் வாசலுக்கு வெளியே இருக்கும் உடனடிக் கடன் கடைகளுக்கு. படையினரிடமும் அவர்கள் குடும்பத்திடமும் வருடத்துக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று 2006இலேயே சட்டம் வந்துவிட்டது. அதை நம்பிக்கொண்டு 36இல் வாங்கினாலும் 36 வட்டி வட்டிதான். இவர் அவனைக் கையோடு ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். அது ராணுவத்தினருக்கான உதவி நிதி, வாடகை, சாப்பாடு, வண்டி ரிப்பேர் மாதிரி தேவைகளுக்கு வட்டியில்லாக் கடன் தருவார்கள், சில நேரம் திருப்பித் தர வேண்டாத உதவியாகவும் தருவார்கள்.

பேரக்ஸில் (பேஸுக்குள் இருக்கும் படையினர் விடுதியில்) தங்கும் தனி ஆட்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் எப்படியாவது நடந்துவிடும். மாட்டிக்கொள்வது கல்யாணமாகி வெளியே வாடகைக்கு இருக்கும் இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். 2025இல் கீழ்நிலைச் சிப்பாய்களுக்கு 14.5 சதவீதம் ஊதிய உயர்வு கொடுத்தார்கள், உண்மை. ஆனாலும் கைக்குழந்தை, ஒரு கார், மனைவிக்கு வேலை இல்லை என்றால் அடுத்த 15ஆம் தேதி வரை பணம் நீளாது.

முதல் வாரம் இவர் வரிசையில் நிறுத்தி, "யாருக்காவது உதவி வேணுமா?" என்று கேட்டார். ஒரு கை எழும்பவில்லை. வீட்டுக்கு வந்து "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றார். "நீங்க அப்படிக் கேட்டா எந்தப் பையன் கை தூக்குவான்?" என்று சண்டை பிடித்தேன். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சின்ன அட்டைகளில் மூன்று கேள்வி எழுதினோம். வாடகை என்றைக்கு? வீட்டில் கைக்குழந்தை உண்டா, பால்பவுடர் எத்தனை நாளைக்கு இருக்கிறது? வண்டியில் பெட்ரோல் எந்த நாள் வரை? மறுநாள் ஒவ்வொருவரிடமும் தனியாக, பயிற்சி விவரம் கேட்பது மாதிரி வரிசையாகக் கேட்டார். ஒன்பது பேரில் நாலு பேருக்குச் சிக்கல். செயலி வங்கிப் பையனின் அட்டையில், "பால்பவுடர்: நாளை வரை" என்று இருந்தது. அவன் நேற்றும் வரிசையில் நின்றவன்தான்.

அன்று சாயங்காலம் நான் கமிஸரிக்குப் போனேன். பேஸுக்குள் இருக்கும் மளிகைக் கடை. 2013இல் இவை சில நாள் மூடியே போயின. இந்த முறை சுழல்நிதியில் ஓடியதால் திறந்திருந்தன. பால்பவுடர் டப்பா இரண்டு வாங்கி அவர்கள் வீட்டு வாசலில் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். முதலில் வாங்கவே மாட்டேன் என்றாள். "கடனாத்தான் தர்றேன், சம்பளம் வந்ததும் ரெண்டு டப்பா வாங்கித் தந்துடு" என்ற பிறகுதான் கை நீட்டினாள்.

தீபாவளி அக்டோபர் 20. வழக்கமாக ஆஸ்டின் போய்த் தமிழ் நண்பர்களோடு கொண்டாடுவோம். இந்த முறை வீட்டிலேயே அதிரசம், பிள்ளைகளுக்குப் புதுத்துணி இல்லை. அம்மாவுக்கு அனுப்பும் மாதப் பணத்தைப் பாதியாக்கினேன். காரணம் கேட்டுத் துளைப்பாள் என்று நினைத்தேன். "உங்க அப்பாவும் லீவு முடிஞ்சு போகும்போது இப்படித்தான் பாதி குடுத்துட்டுப் போவாரு" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு செய்தி: பெயர் சொல்லாத ஒரு கொடையாளர் படையினர் சம்பளத்துக்காக 13 கோடி டாலர் கொடுத்திருக்கிறார். டிமோதி மெல்லன் என்ற பணக்காரர்தான் அவர் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 13 லட்சம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு நூறு டாலர். நல்ல மனசுதான். ஆனால் ஒரு நாட்டின் ராணுவம் தனியார் நன்கொடையில் சம்பளம் வாங்குகிறது என்பதை இவரால் சீரணிக்க முடியவில்லை. அன்று முழுக்க அதிகம் பேசவில்லை.

அக்டோபர் 31 சம்பளமும் வந்தது. அதற்கு மூன்று பானைகளைச் சுரண்டினார்கள்: படையினர் வீட்டு வசதிக்கு என்று கோடையில் ஒதுக்கியதில் 250 கோடி டாலர், ஆராய்ச்சிக் கணக்கில் 140 கோடி, ஆயுதக் கொள்முதலில் 140 கோடி. நவம்பர் நடுவில் கொடுக்க முடியாது என்று நிதியமைச்சரே வெளிப்படையாகச் சொன்னார். இதற்கிடையே நவம்பர் 1 முதல் ஏழைகளுக்கான உணவு உதவியும் நின்றது. சீருடைக் குடும்பங்களிலும் லோன் ஸ்டார் கார்டில் (டெக்சஸில் அந்த உதவிக்கான அட்டை) உணவு வாங்குகிறவர்கள் உண்டு. உணவு வங்கி வரிசையில் சம்பளம் வந்தவர்களும் வராதவர்களும் கலந்து நின்றார்கள்.

ஒவ்வொரு முறையும் நாலைந்து நாள் முன்னால்தான் தெரியும். அந்த நாலு நாளில் மனிதர்கள் செய்வதுதான் நஷ்டம். தேவையில்லாமல் கடன் வாங்குவார்கள், ஓய்வூதியச் சேமிப்பை உடைப்பார்கள், என்னைப் போல ஆட்டோ பேயை அணைப்பார்கள். மூன்றாவது வாரத்தில் நாங்கள் ஒரு முடிவெடுத்தோம். தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்து எதையும் மாற்றுவதில்லை. பணம் வராது என்றே வைத்துக்கொண்டு காலண்டரின்படி நடப்பது, வந்தால் அடுத்த சம்பள நாள் வரை தொடாமல் தனிக் கணக்கில் போடுவது. அந்தக் கணக்குக்கு டெபிட் அட்டை வாங்கவே இல்லை. நவம்பர் 12 இரவு ஷட்டவுனை முடிக்கும் மசோதாவில் கையெழுத்தானபோது அதில் ஒரு முழுச் சம்பளம் இருந்தது. சாதாரண மாதங்களில் எங்களால் அவ்வளவு சேர்க்க முடிந்ததே இல்லை.

என் பாக்கிச் சம்பளம் அடுத்த வாரம் மொத்தமாக வந்தது. ஃபர்லோ ஊழியர்களுக்குப் பாக்கி கொடுத்தே ஆக வேண்டும் என்று 2019இல் சட்டம் இருக்கிறது. ஆனாலும் நடுவில் அதற்கே வேறு அர்த்தம் சொல்லப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, கையில் விழும் வரை நான் அதை வரவில் எழுதவில்லை. வந்ததும் முதலில் அம்மாவுக்கு மீதிப் பாதியை அனுப்பினேன். பயண வவுச்சர் பணம் அதற்கும் பிறகுதான் வந்தது.

அந்த மசோதா கொடுத்த தற்காலிக ஒதுக்கீடு 2026 ஜனவரி 30 வரைதான் இருந்தது. கதவுக் காலண்டரில் புதுப் பக்கம் ஒட்டி அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்தேன். அந்தப் பெண் சொன்னபடி நவம்பர் கடைசியில் இரண்டு டப்பா பால்பவுடர் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. காலாவதித் தேதி பார்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன். எங்கள் சின்னவளுக்கு ஒன்பது வயது.